பெயரொப்புமையும் பொருளொருமையும்: முத்துக்குளித்துறைப் பெயர்களை முன்னிட்டதோர் ஆராய்ச்சி

பொருளைப் பிறர்க்கு உணர்த்துதற்கு உலகம் கொண்ட கருவி பெயராகும். பொருள்களோ எண்ணிறந்தன, மக்கள் நாவிற் பயிலும் பெயர்கள் ஓர் அளவிற்பட்டன. ஆகவே, ஒரு பெயர் பல பொருள்கட்கு உரியதாதல் இயல்பாயிற்று. இதனை முன்னரே கண்ட தொல்காப்பியனார், சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திற் பலபொருளொருசொல் என ஒரு பகுதி வகுத்து, வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என அதனை இரண்டாக்கி விதி கூறிப்போந்தார். மா என்னும் சொல், பூத்தது என்னும் வினையோடு கூடியவழி மரத்தையும், ஓடிற்று என்னும் வினையோடு கூடியவழி விலங்கையும் குறித்தல் இளஞ்சிறாரும் அறிந்தது. ஆனால், ஊர்ப்பெயர் மக்கட்பெயர்களில் நிகழும் ஒப்புமை அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. ஒரு நூலின் முகப்பில் ஓர் ஆசிரியர் பெயரைக் கண்டவழி, அப்பெயருடையாராக முன்னரே நாம் அறிந்த ஒருவரையே நம் உள்ளம் பற்றிக்கொள்கின்றது. பற்றிய பின்னர் விடுதல் அரிதாகின்றது.

இப்பிழை சைவ நூலாராய்ச்சியிற் புகுமாயின், ஒருவர் கொள்கை மற்றொருவர்மேல் ஏறும். ஆசிரியர்களின் கால முறையும் குருமரபும் நிலைகுலையும். ஆதலின், பெயரொப்புமை எவ்வெக் காரணங்களால் நிகழ்கின்றது, அஃது எத்துணை அளவிற்குச் சான்றாகத் தகும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம். இதற்குத் தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைப் பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். யவனரும் அராபியரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலரும் ஈராயிரம் ஆண்டாக வந்து வழங்கிய கரை அது. அங்குள்ள பெயர்கள் பலர் வாய்ப்பட்டன. ஆதலிற் பெயரொப்புமையின் வகைகளெல்லாம் அங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

1. பொருள் பற்றி ஒத்த பெயர்கள்

முதலாவது, பொருள்களுக்குள் உண்மையாகவே ஓர் ஒப்புமை இருத்தலால் வந்த பெயரொப்புமை. சிப்பியுட் பிறக்கும் மணி முத்து. ஆமணக்கின் விதையும் முத்து. அம்மை நோயில் உடலின்மேல் எழுவதும் முத்து. இவை பிறப்பால் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன. உருண்டு திரண்ட வடிவம் ஒன்றே பற்றிப் பெயர் ஒன்றாயின. முத்துக்குளிப்பைக் கரையிலுள்ளார் சலாபம் என்பர். தூத்துக்குடியில் அரசினர் நடத்திய சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. இலங்கையின் மேல்கரையிற் சிலாபம் என்றே ஓர் ஊருண்டு. தொழிலின் பெயர் ஊர்க்கு ஆயிற்று.

இனி, காயல் என்னும் பெயரை நோக்குக. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து தேங்கும் கழிமுகத்தைக் குறித்த பொதுச்சொல் அது. பொருநையாறு கடலொடு கூடும் பாங்கரிற் பழையகாயல், புன்னைக்காயல், காயற்பட்டினம் என மூன்றூர்கள் அப்பெயர் பூண்டு நிற்கின்றன. கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிநாட்டில் குதிரை வாணிகமும் பிற வாணிகமும் செழித்த காயல் என்னும் துறைமுகத்தைப் புகழ்ந்து எழுதினான். அக்காயல் எது? இன்று பெரிதாய் விளங்கும் காயற்பட்டினமே என எவரும் எளிதிற் கூறிவிடுவர். ஆயின், கால்டுவெல் ஐயர் அவ்விடங்களை நேரிற் சென்று நோக்கி 1877-இல் எழுதிய கட்டுரையில், பழையகாயலே அத்துறைமுகம் எனக் காட்டினார். ஆறு கொணர்ந்த வண்டலாற் கடல் பின்வாங்க, முன்னைத் துறைமுகங்கள் நிலத்தினுள்ளே ஒதுங்கின. வாணிகம் கடலைத் தொடர்ந்து சென்றது. பெயர் மூன்றூர்க்கும் பொது. அவற்றுள் ஒன்றைத் துணிவித்தது நிலத்தின் இயல்பும், ஆங்குக் கிடைத்த பழம்பொருள்களுமே.

2. ஒலித்திரிபால் ஒத்த பெயர்கள்

இரண்டாவது, வேற்று மொழியாளர் வாயிற் பட்டு ஒலி திரிந்தமையால் வந்த ஒப்புமை. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையைக் கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய எரித்திரியக் கடல் வழிநூல் என்னும் கிரேக்க நூல் கோல்கோய் எனக் குறிக்கின்றது. ஆங்கு முத்துக்குளிப்பு நிகழ்வதும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அத்தொழிலிற் செலுத்தப்படுவதும், அவ்விடம் பாண்டியனுக்கு உரியதென்பதும் அந்நூலுட் கூறப்பட்டுள்ளன. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமியும் அப்பெயரே கூறி, அவ்வூரை அடுத்த கடலைக் கோல்கிக் குடா என வழங்கினார். இன்று மன்னார் வளைகுடா எனப்படுவது அதுவே.

வியப்பு யாதெனின், கோல்கோய் என்னும் அச்சொல்லே கிரேக்க மொழியில் வேறொரு மக்களினத்திற்கும் பெயராதல். கருங்கடலின் கீழ்கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டின் மேல்பகுதியில் வாழ்ந்த பழங்குடியினர் அவர். அவர் நாடு கோல்கிசு எனப்பட்டது. யாசோன் என்னும் வீரன் பொன்மயிர்த் தோலை நாடிக் கப்பலேறிச் சென்றதாகக் கிரேக்கர் கூறும் பழங்கதை அந்நாட்டினையே பற்றியது. எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஒருபுறம் பொன், மற்றொருபுறம் முத்து. இரண்டும் கடல் கடந்து சென்று பெறும் செல்வம். பெயரை மட்டும் நோக்குவான் ஒருவன், கருங்கடற் குடியினர் கொற்கையிற் குடியேறினர் என்றோ, கொற்கைப் பரதவர் கருங்கடல் சென்றனர் என்றோ ஒரு சரித்திரம் கட்டுதற்கு இவை போதியனவாகத் தோன்றும். ஆனால், உண்மையில் நிகழ்ந்தது யாது? கொற்கை என்னும் தமிழொலியைக் கேட்ட யவன மாலுமி, தன் மொழியில் முன்னரே பழகியதும் அதனோடு ஒருவாறு ஒத்ததுமான சொல்லை அதற்குப் பொருத்திக்கொண்டான். றகர ககரங்கள் நின்ற இடத்தில் அவனுக்கு எளிய ஒலிகள் புகுந்தன. இரண்டு கோல்கோய்களுக்கும் உள்ள உறவு அவன் நாவின் கண்ணதேயன்றி நிலத்தின் கண்ணதன்று.

தமிழ்நாட்டினுள்ளும் கொற்கையின் பெயர்க்கு அணுக்கமானவை சில உள. கும்பகோணத்தையடுத்துக் கீழக்கொற்கை என ஓர் ஊர் உண்டு. மயிலாடுதுறைப் பாங்கர், காமனை எரித்த வீரட்டமாய் அப்பர் பெருமானது பதிகம் பெற்ற திருக்குறுக்கை, மக்கள் வழக்கிற் கொருக்கை என ஒலிக்கின்றது. கொற்கைக்கு அணித்தாகவே குருகை எனப்படும் திருக்குருகூர் உள்ளது. பேச்சொலியில் நெருங்கி நிற்கும் இவற்றுள் முத்து விளைந்த பாண்டியர் துறை ஒன்றே. 1968-69-இல் தமிழக அரசின் தொல்பொருள் துறையினர் அகழ்ந்து ஆராய்ந்ததும் பொருநைக் கரையிலுள்ள அக்கொற்கையையே. ஏனையவற்றை அதனொடு மயக்குதல் தகாது.

3. வாளா ஒத்த பெயர்கள்

மூன்றாவது, காரணத் தொடர்பு யாதுமின்றி வாளா ஒத்தனவாகிய பெயர்கள். இதற்கு, அக்கடலின் இன்றைய பெயராகிய மன்னார் என்பதனையே கொள்வாம்.

இலக்கிய வழக்கில் மன்னார் என்பது பகைவரைக் குறிக்கும். மன்னுதலாவது பொருந்துதல், பொருந்தாதவர் மன்னார் என எதிர்மறையாய் நின்றது. ஆனால், மன்னனார் என்னும் உயர்வுப் பெயர் இடை குறைந்து மன்னார் என நின்றவழி, அது தலைவரைக் குறிக்கும். ஆகவே, ஒரே எழுத்துக்கள் ஓரிடத்துப் பகைவரையும் ஓரிடத்து ஆண்டவனையும் சுட்டுகின்றன. வைணவர் போற்றும் நாதமுனிகளின் ஊராகிய காட்டுமன்னார்கோயிலும், திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடியும், அம்பாசமுத்திரத்தை யடுத்த மன்னார்கோயிலும் திருமாலைப் பற்றிய இரண்டாம் வகையின. வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களிலோ, பச்சையம்மனுடன் எழுந்தருளியிருக்கும் மன்னார்சாமி, மன்னாதீச்சுரர் எனச் சிவபெருமானாகவே வழிபடப்படுகின்றார். பெயர் ஒன்று, சமயம் இரண்டு.

கடலுக்குப் பெயர் தந்த மன்னார் இவற்றுள் ஒன்றுமன்று. அஃது இலங்கையின் வடமேல்கரையிலுள்ள தீவு. 1560-இல் அதனைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658-இல் ஒல்லாந்தர் கொண்டனர். 1795-இல் ஆங்கிலர் வசமாயிற்று. அத்தீவிற்கு எதிர்க்கரையில், மாதோட்டத்தில், பாலாவியின் கரைமேல், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் உள்ளது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அத்திருக்கோயிலை மீட்டும் எழுப்புதல் வேண்டுமென 1872-இல் ஆறுமுக நாவலர் விண்ணப்பம் வெளியிட்டார்; 1893-இல் அந்நிலம் சைவர்களால் விலைக்குப் பெறப்பட்டது. மன்னார் என்னும் பெயர் கேட்ட மாத்திரையில் மன்னார்குடி இராசகோபாலனை நினைப்பவர், அப்பெயர் பூண்ட மாவட்டத்தில் தேவாரத் தலம் ஒன்று நிற்றலை மறந்துவிடுவர். தூத்துக்குடி முதல் இராமேச்சுரம் வரை பரந்த 21 தீவுகளைக் காத்தற்கு 1986-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவும் இலங்கைத் தீவின் அப்பெயரையே தாங்கியுள்ளது.

இன்னும் ஒன்று கூறுவாம். மலையாள நாட்டில், ஆலப்புழைப் பகுதியில், வெண்கல வேலைக்குப் பெயர்போன மான்னார் என்னும் ஊர் உண்டு. அதன் முதலெழுத்து நெடில். இலங்கை ஊரின் முதலெழுத்துக் குறில். தம்மொழி எழுத்தில் எழுதியவழி இரண்டும் வேறு. ஆங்கில எழுத்தில் எழுதியவழி வேறுபாடு மறைந்து இரண்டும் ஒன்றாகின்றன. எழுத்தே ஒரு பொய்யொப்புமையைப் படைத்துவிடுகின்றது.

4. அன்பு பற்றி இட்ட பெயர்கள்

நான்காவது, தெய்வத்தினிடத்தும் ஆசிரியரிடத்தும் வைத்த அன்பினால் இடப்படும் பெயர்கள். சைவ உலகில் மிகுதியும் மயக்கம் விளைப்பன இவையே.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இற் பிறந்து, 1906-இல் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள், தம் முதிய பருவத்திற் சிவஞானபோதத்திற்கு ஓர் உரையும் இயற்றினார். அது 1935-இல் வெளிவந்தது. 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டம், 1997 வரையிற் சிதம்பரனார் மாவட்டம் என அவர் பெயரால் வழங்கிற்று. 2011 முதல் துறைமுகமும் அவர் பெயரதாயிற்று. தில்லையாகிய சிதம்பரம் அம்மாவட்டத்திலும் இல்லை. அவர் தில்லையிற் பிறந்தாருமல்லர். பிற்காலத்து ஒருவன் அவ்விரு குறிப்புக்களையும் ஒருங்கு கண்டு, சிவஞானபோதத்திற்குத் தில்லையினர் ஒருவர் செய்த உரை எனத் துணிதல் அரிதன்று. தலத்திற்கும் அவர் பெயர்க்கும் தொடர்புண்டு. ஆனால், அத்தொடர்பு அன்பினது, பிறப்பினதன்று.

இனி, மடங்களுட் பயிலும் தீக்கைப் பெயர்களை நோக்குவாம். மறைஞானசம்பந்தர் என்னும் பெயருடையார் இருவர் நன்கு அறியப்பட்டோர். ஒருவர் சந்தான குரவர் நால்வருள் மூன்றாமவர். உமாபதி சிவத்திற்கு ஞானாசிரியர். மற்றவர் பதினாறாம் நூற்றாண்டிற் சிதம்பரத்தில் வாழ்ந்து, கமலாலயச் சிறப்பு, அருணகிரிபுராணம் முதலியன இயற்றியவர். இருவர்க்கும் தில்லைச் சூழல் பொது, சித்தாந்தம் பொது, பெயரும் பொது. ஆயினும், உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தைச் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313-இல் இயற்றினமை அந்நூலாலேயே விளங்குதலின், அவர்தம் ஆசிரியர் பதினாறாம் நூற்றாண்டினர் ஆதல் எவ்வாற்றானும் இயலாது. காலம் ஒன்றே ஈண்டு வேறுபாட்டைக் காட்டிற்று.

இதனினும் கொடிய மயக்கம் ஞானப்பிரகாசர் என்னும் பெயரால் நேரும். திருவாரூரில் வாழ்ந்த கமலை ஞானப்பிரகாசர், தருமை ஆதீனத்தின் முதற்குரவராகிய குருஞானசம்பந்தர்க்கு ஞானாசிரியர், பதினாறாம் நூற்றாண்டினர். திருநெல்வேலி ஞானப்பிரகாசர் மற்றொருவர். சிவஞானசித்தியார்க்கு உரையும், பௌட்கராகமத்திற்கு வடமொழியில் விருத்தியும் இயற்றியவர். திருநெல்வேலி என்றவுடன் பொருநைக்கரை நெல்வேலியை நினைத்தல் பாண்டிநாட்டார்க்கு இயற்கை. ஆனால், இவருடைய திருநெல்வேலி யாழ்ப்பாணத்து நல்லூரை யடுத்துள்ளது; இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகம் நிற்குமிடம். போர்த்துக்கேய அதிகாரியின் உணவிற்கு முறைவைத்துப் பசுக் கொடுக்கவேண்டிய நாள் தமக்கு வந்தபோது, அதற்கு உடம்படாது இரவிலேயே நாடு நீங்கிக் கடல் கடந்தார் என்பது அவரைப் பற்றிய மரபுவழிச் செய்தி. யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் நேராட்சிக்கு உட்பட்டது 1619-இல் ஆதலின், அவர் காலம் பதினேழாம் நூற்றாண்டென்பது பெறப்படும். தில்லையில் அவர் பெயரால் ஞானப்பிரகாசம் என்னும் திருக்குளம் இன்றும் வழங்குகின்றது. மூன்றாமவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். 1875-இற் பிறந்து 1947-இல் மறைந்த இவர் கத்தோலிக்கக் குருவானவர். சொற்பிறப்பு ஆராய்ச்சியாற் புகழ் பெற்றவர். இரண்டாமவரும் மூன்றாமவரும் பெயரால் ஒன்று, ஊரால் அண்டையர், சமயத்தால் முற்றும் வேறு.

ஈண்டு, மயக்கத்தால் விளையும் கேடு எத்தகையது என்பதனை ஓர்ந்துணர்க. யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் தம் சித்தியாருரையில், முத்தியில் ஆன்மா சிவத்தோடு சமமாம் என்னும் சிவசமவாதத்தைத் தழுவினார். விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து திருவாவடுதுறையில் விளங்கி 1785-இற் பரிபூரணமடைந்த மாதவச் சிவஞான முனிவர், சிவசமவாதவுரை மறுப்பு என்னும் நூலால் அவ்வுரையை மறுத்தனர். பெயரொப்புமை பற்றி அவ்வுரையைக் கமலை ஞானப்பிரகாசர்மேல் ஏற்றுவார் உளராயின், ஓர் ஆதீனத்துக் குருமரபின் தலையிலேயே, அம்மரபு என்றும் கொள்ளாத கொள்கையை ஏற்றினவராவர். ஊர்ப்பெயர் பற்றி மயங்குவாரோ, உரையாசிரியரையும் மறுத்தாரையும் பொருநை நாட்டினராகிய இருவர் எனக் கருதி, அவ்வாதத்தை ஒரு நாட்டினுள் நிகழ்ந்த பூசலாகச் சுருக்குவர். ஈழத்துச் சைவர் ஒருவர் ஆகமங்களைத் துருவி எழுதிய நூலைத் தமிழகத்துப் பேராசிரியர் ஒருவர் எடுத்து ஆராய்ந்து மறுக்கும் அளவிற்கு, இரு கரையும் ஒரே சித்தாந்தக் கல்விக்களமாய் இருந்த உண்மை அதனால் மறைந்துபோம்.

5. பெயரொப்புமை அளவையாமோ?

அற்றேல், பெயரொப்புமை ஒரு சான்றும் ஆகாதோ எனின், வினாவிற்கு வாயிலாம்; விடைக்கு ஏதுவாகாது என்க. ஏது, தான் சாதிக்கவேண்டிய பொருளுள்ள இடத்து மட்டும் நிற்றல் வேண்டும். அஃதில்லாத இடத்தும் சென்று பற்றுமாயின் அதனை அநைகாந்திகம் என அளவை நூலார் கூறி விலக்குவர். ஒரே பெயருடைமை, ஒருவரேயாகிய இடத்தும் உண்டு. இருவராகிய இடத்தும் உண்டு. ஆதலின் அது துணிவைப் பயவாது.

சித்தியார் அளவையியலுள் அருணந்தி சிவம், பொருளின் இயல்பைப் பொதுவியற்கை, தன்னியற்கை என இரண்டாகப் பகுத்தனர். பிற இனத்தினின்றும் நீக்கித் தன் இனத்தோடு ஒப்ப நிற்றல் பொதுவியற்கை. பிற இனத்தினின்றும் தன் இனத்திலுள்ள ஏனையவற்றினின்றும் நீக்கித் தன்னையே காட்டி நிற்றல் தன்னியற்கை. பெயர் பெரும்பான்மையும் பொதுவியற்கையின் அளவிலேயே நிற்கின்றது. ஒருவரைத் துணிதற்கு வேண்டுவது தன்னியற்கை. நூலாசிரியர் திறத்தில் அஃது நான்காம்: அவர் வாழ்ந்த காலம், அவர்தம் ஊர், குருமரபு, அவர் கொண்ட கோட்பாடு. இந்நான்கனுள் ஒன்று மாறுபடினும் உடனே நின்று ஆராய்தல் வேண்டும். நான்கும் ஒத்தவழியே ஒருவர் எனத் துணியலாம். ஊர்கள் திறத்தில், நிலக்கிடை, கல்வெட்டு, அகழ்ந்து கண்ட பொருள், அவ்வூர் மக்கள் ஒலிக்கும் ஒலி என்பன அவ்விடத்தைப் பெறும்.

பழம் ஏடுகளை மீட்டும் அச்சிடுவோர்க்கும் நூற்பட்டி தொகுப்போர்க்கும் இது பெரிதும் வேண்டப்படுவது. ஞானப்பிரகாசர் என வாளா எழுதாது, கமலை என்றோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றோ அடைகொடுத்து நூற்றாண்டும் உடன் குறித்தல் சிறு தொழிலே. அது செய்யாது விடுவதால் வரும் கேடோ பெரிது.

6. சித்தாந்தத்திற் சொல்லும் பொருளும்

இம்முறை ஊரையும் ஆசிரியரையும் அறிதற்கே யன்றித் தத்துவத்தை அறிதற்கும் உரியது. அத்துவிதம் என்னும் சொல் ஒன்றே. அதனைச் சங்கரர் கொண்ட பொருள் வேறு, மெய்கண்டார் கொண்ட பொருள் வேறு. இரண்டின்மை, ஒன்றேயாதல் என முன்னவர் கொள்ள, பொருளால் இரண்டாய் நின்றே வேறாகப் பிரியாமை என மெய்கண்டார் விளக்கினர். சொல் ஒன்றாதல் கொண்டு சித்தாந்தத்தை மாயாவாதத்தோடு ஒன்றெனக் கூறுவார், கருங்கடற் கோல்கோயையும் பாண்டியர் கொற்கையையும் ஒன்றெனக் கூறுவாரோடு ஒப்பர்.

இவ்வாறே, ஆன்மா முத்தியிற் சிவமாந்தன்மைப் பெருவாழ்வு எய்தும் என்புழி, சிவம் என்னும் பெயர் அதற்கு வந்து பொருந்தினும், ஐந்தொழிலுக்கு உரிமை முதல்வனொருவனுக்கே ஆதலும், ஆன்மா அவனருளிற் பிரிவின்றி அடங்கி இன்பம் நுகர்தலும் மறக்கற்பாலனவல்ல. பெயர் சென்ற இடமெல்லாம் பொருளும் முழுதும் சென்றது எனக் கொண்டமையே சிவசமவாதத்திற்கு வழியாயிற்று. ஆகலின், ஞானப்பிரகாசர் யாவர் என்னும் வினாவும், முத்தியில் ஆன்மா யாது என்னும் வினாவும் ஒரே முறையால் ஆராய்தற்குரியன: பெயரைக் கேட்டு அமையாது, அப்பெயர் தாங்கிய பொருளின் தன்னியற்கையைத் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும்.

முத்துக் குளிப்பவர் கடலடியிலுள்ள பாரினின்றும் எடுக்கும் சிப்பிகள் எல்லாம் புறத்தே ஒருவண்ணமாகவே தோன்றும். திறந்து நோக்கியவழியே முத்துடையதும் அஃதில்லதும் தெரியவரும். பழைய நூல்களுட் காணும் பெயர்களையும் அவ்வாறே திறந்து நோக்குதல், ஆசிரியரிடத்து அன்புடைய நம் அனைவர்க்கும் கடனாம்.